தட்டில் விழாத உப்பு

வலது காலில் செருப்பு வாரின் தடம் மாலையாகியும் போகவில்லை. அதுதான் முதல் அறிகுறி. பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல ஒரு குழி விழுந்தது. அது தனக்கு எந்த அவசரமும் இல்லை என்பதுபோல மெதுவாக மேலே வந்தது. நாள் முழுக்க மணலில் நடக்கிறவளின் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போனேன்.

என் பெயர் பிலோமினா. அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. கற்பிட்டிக் கரையில் கருவாடு வாங்கி விற்பவள். வாடிகளுக்கு (கடற்கரையில் மீனவர்கள் போட்டிருக்கும் கொட்டகைகள்) நேரே போய், சரக்கைப் பார்த்து, பேசி முடித்து, கட்டி அனுப்புவேன். கணவர் அந்தோனி ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர். முதுகு பழுதானபின் எனக்கு மூட்டை கட்டித் தருகிறார். யுத்தம் முடிந்து வடக்குப் பாதை திறந்ததும் மன்னார்ப் பக்கத்துக் கருவாடும் எங்கள் கரைக்கு வந்தது. ஒரு நாளில் ஐந்தாறு சரக்குப் பார்த்தவள் பதினைந்து, இருபது பார்க்கத் தொடங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கவில்லை.

என்னைப்போல ரிப்போர்ட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக் வாங்கில் (நீள இருக்கையில்) உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல வரவில்லை. அதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கும், தேவைக்கு அதிகமாகவே இருக்கும்.

கால் வீக்கத்தோடு தலைப்பாரமும் சேர்ந்தபோது அந்தோனி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டொக்டர் ஒரு இளம் சிங்களவர். வடக்கில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழில் பேசினார். பிரஷர் கருவியை என் கையில் கட்டி, காற்றடித்து, எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் காற்றடித்தார். இரண்டாம் முறை பார்க்கிறார்கள் என்றால் நல்ல செய்தி இல்லை என்பது யாருக்கும் தெரியும்.

"அம்மா, சலம் போகும்போது நுரை வாறதா?" என்று கேட்டார்.

"அத ஆர் குனிஞ்சு பாக்கிறது?" என்றேன்.

பரிசோதனையில் நுரைக்குக் காரணம் தெரிந்தது. சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு; அது இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் களைத்துவிட்டது என்று பொருள்) இருக்க வேண்டியதைவிடக் கூடி இருந்தது. பல வருடங்களாகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் சிறுநீரகத்தை அரித்திருக்கிறது என்றார். இப்படியே போனால் டயலிசிஸ் (இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) வரை போகும் என்றார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தக் கட்டிலில் கிடப்பவளுக்கு வாடி ஏது, வியாபாரம் ஏது? அந்தோனிக்கும் எனக்கும் வேறு பிழைப்பு இல்லை.

"மாத்திரை நான் தாறேன். உப்பு நீங்க குறைக்க வேணும்" என்று முடித்தார்.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். நான் தவக்காலத்தில் சிறுவயதிலிருந்து ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதம்) பிடிப்பவள். வாயைக் கட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு டொக்டர் பாடம் எடுப்பதா?

கையில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். அதில் ஒரு தட்டுப் படம். தட்டில் பாதி பச்சைப் பூக்கோவா (புரொக்கோலி), பக்கத்தில் அப்பிள், ஒரு கோப்பை ஓட்ஸ், சிரிக்கிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரு மீன் முள் குத்தியிருக்காது. எங்கள் கரையில் ஓட்ஸ் எந்த மரத்தில் காய்க்கிறது என்று அந்தோனியிடம் கேட்டேன். அவர் அந்தத் தாளை மடித்து மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தார். அன்றுமுதல் மேசை ஆடவில்லை. அந்தத் துண்டுப்பிரசுரத்தால் எங்கள் வீட்டுக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

பிறகு வந்தாள் ஸ்டெல்லா. அந்தோனியின் தங்கை. போனில் வருவதையெல்லாம் வேதம் என்று நம்புகிறவள். கையில் ஒரு பாக்கெட், உள்ளே ரோஸ் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ.

"மச்சாள், இது உப்பில்ல, இந்துப்பு. மலையில வெட்டி எடுக்கிறது. கிட்னிக்கு நல்லமாம்."

புத்தளத்துக்குப் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் உப்பளம். உப்புக் குவியல்களைத் தென்னோலைக் கிடுகால் மூடி வைத்திருப்பார்கள். அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்தவளுக்கு, எங்கேயோ ஒரு மலையிலிருந்து வெட்டி, சாயம்போன சிவப்புச் சீலையின் நிறத்தில் உப்பு வருகிறது. அடுத்த கிளினிக்கில் கேட்டேன். எந்த நிறமானாலும் உப்பு உப்புத்தான் என்றார் டொக்டர். உப்புக்குப் பதிலாக விற்கும் சில தூள்களில் பொட்டாசியம் (சிறுநீரகம் பழுதானவர்களின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய தாது) இருக்கும், கேட்காமல் தொடவே வேண்டாம் என்றும் எச்சரித்தார். ஸ்டெல்லாவின் பாக்கெட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த மாதம் என் தலைப்பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது.

வீட்டில் உப்புப் போத்தலைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மீன் குழம்பு, பருப்பு, கீரை, சம்பல், எதிலும் உப்பு இல்லை. அந்தோனி முதல் நாள் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது கறியா, கறிச்சட்டி கழுவின தண்ணியா?"

"கிட்னி வேணுமா, கறி வேணுமா?"

"எனக்கு ரெண்டும் வேணும். என்ட கிட்னிக்கு ஒண்டும் இல்லயே" என்றார். ஆனாலும் சாப்பிட்டார்.

கிளினிக் நாட்களில் விறாந்தை வாங்கில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருத்தி எடை பார்க்க முந்தி மீன் அடைத்த மாலு பணிஸைப் பேப்பரோடு மறைத்து விழுங்குவாள். இன்னொருத்தி உப்பில் ஊறிய அச்சாறு பாக்கெட்டைக் கைப்பைக்குள் ஒளிப்பாள். உள்ளே போய், "ஐயோ டொக்டர், நான் வாயில ஒண்டும் வைக்கிறதில்ல" என்பாள். இவர்களுக்கு வைத்தியம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல என்று அந்தோனியிடம் சத்தமாகச் சொல்வேன், அவர்கள் காதில் விழவேண்டும் என்றே. என் வாய் மட்டும் சுத்தம் என்று அவ்வளவு நம்பிக்கை.

மூன்று மாதம் கழிந்தது. பிரஷர் இறங்கவில்லை. கால் இறங்கவில்லை. கிரியேட்டினின் ஒரு படி ஏறியிருந்தது.

டொக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. உப்பில்லாமல் தின்று நாக்கு செத்துப்போனவளை இப்படிச் சந்தேகமாகப் பார்ப்பதா? மாத்திரை சரியில்லை, மருந்து பழசு, இந்தப் பிள்ளைக்குப் படிப்புப் போதாது என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் எழுதிக்கொடுத்தது இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு முழு நாளின் சிறுநீரையும் ஒரு கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உடம்புக்குள் எவ்வளவு சோடியம் (உப்பில் இருந்துகொண்டு பிரஷரை ஏற்றுகிற பகுதி) போனது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வாய் பொய் சொல்லலாம், கேன் சொல்லாது. எனக்கு நல்லதுதான் என்று நினைத்தேன். இந்தக் கேன் என் மானத்தைக் காப்பாற்றும். வழக்கமான வேலை நாளில் சேர்க்கச் சொன்னதால் கேனைக் கறுப்புப் பையில் போட்டு வாடி வாடியாகக் கொண்டு திரிந்தேன். மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா அதை மரத்துப் பாகு என்று நினைத்துக் கேட்டார்.

"கித்துள் பாணியா தங்கச்சி?"

"ஓம். விக்கிறதுக்கில்ல" என்றேன்.

முடிவு வந்த நாளில் டொக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மா கோவிக்க வேணாம். இதில இருக்கிற உப்பு ரெண்டு, மூண்டு பேர் சாப்பிடுற உப்பு."

"கேன் மாறிட்டுது" என்றேன்.

"மாறேல்ல."

"அப்ப உங்கட மெசின் பழுது."

எழுந்து வந்துவிட்டேன். அவர் பின்னால் கூப்பிட்டுச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "ஒரு நாள் எழுதிப் பாருங்க அம்மா. தட்டில வைக்கிறது இல்ல. வாய்க்குள்ள போறது எல்லாம்."

அவரை வெட்கப்படுத்தவே எழுத முடிவு செய்தேன். என் கைகள் எப்போதும் கருவாட்டில் இருப்பதால் எழுதும் வேலையை அந்தோனியிடம் கொடுத்தேன். அவர் ஒரு பழைய கொப்பியையும் பென்சிலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். காலை: பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்), உப்பில்லாத ரொட்டி, உப்பில்லாத சம்பல். எழுத்துக் கூட்டி எழுதினார். அவருடைய முகத்தில் ஒரு நீதிபதியின் களை வந்திருந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது.

முதல் வாடி பேதுருவுடையது. கட்டாக் கருவாடு விரித்திருந்தான். நான் ஒன்றை எடுத்து, முள்ளோரம் ஒரு துண்டைக் கிள்ளி, வாயில் போட்டு மென்றேன். நல்ல சரக்கு. விழுங்கினேன்.

"எழுதட்டா?" என்றார் அந்தோனி.

"என்னத்த?"

"இப்ப முழுங்கினத."

"இது சாப்பாடா? இது வேலை."

"வயித்துக்குள்ள போனா அது வேலையா சாப்பாடா எண்டு வயித்துக்குத் தெரியுமா?"

பேதுரு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வாய் உப்புக் கரித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடங்களாகக் கரித்துக்கொண்டிருந்ததுதான், அன்றுதான் தெரிந்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். வாங்க வருகிறவர் கருவாட்டைக் கிள்ளி மென்று பார்க்க வேண்டும். உப்புக் குறைந்தால் புழு வைக்கும். கூடினால் எடைக்காக ஏற்றியது. இரண்டையும் நாக்குத்தான் பிடிக்கும். மென்றதைத் துப்பினால், இந்தச் சரக்கு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். விழுங்கினால்தான் பேச்சே தொடங்கும். அதனால் நான் நல்ல சரக்கையெல்லாம் விழுங்கியிருக்கிறேன். ஒரு நாளில் பதினைந்து, இருபது வாய். உப்பில் ஊறிக் காய்ந்த மீன், ஊறவைக்காமல், கழுவாமல், பச்சையாக. அன்று மதியத்துக்குள் அந்தோனியின் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பூட்டி வைத்திருந்த உப்புப் போத்தலைப் பார்த்தேன். அதற்கு வாய் இருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். இத்தனை மாதமும் கிளினிக் வாங்கில் நான் ஏளனம் செய்த பெண்கள் குறைந்தது தாங்கள் தின்பதைத் தெரிந்து தின்றார்கள். ஒளிப்பதற்காவது தெரிந்திருந்தார்கள். எல்லாரையும்விடப் பெரிய முட்டாள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களில் பலரும் நான் செய்ததையே செய்கிறீர்கள். பிள்ளை மீதம் வைத்த பருப்பு வடை, கறிக்கு உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஊற்றும் ஆணம், கடையில் நிறுக்க முந்தி வாயில் போடும் மிக்சர். தட்டில் விழாததை உங்கள் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. உடம்பு சேர்க்கிறது.

தெரிந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் என் முட்டாள்தனம். மறுநாள் பேதுருவின் வாடியில் மென்றதைத் திரும்பி நின்று மணலில் துப்பினேன். அவன் முகம் கறுத்துவிட்டது.

"நல்லா இல்லாட்டி வாயால சொல்லுங்க அக்கா. ஏன் துப்புறீங்க?"

"எனக்கு உடம்புக்கு வருத்தமடா."

"நேத்து முழுங்கினீங்க. இண்டைக்கு என்ன புது வருத்தம்?"

கருவாட்டைப் பாயோடு சுருட்டிவிட்டான். மாலைக்குள் கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. பிலோமினா துப்பிவிட்டாள். இரண்டு நாளில் அது வளர்ந்தது. பிலோமினாவுக்கு நாக்குப் போய்விட்டது, இனி அவளுக்கு எதையும் தலையில் கட்டலாம். மூன்றாவது நாள் ஒருவன் எனக்குப் பழைய சுறாவைப் புதுசு என்று காட்டினான், என் முகத்தைப் பார்த்தே. மென்றால் சிறுநீரகம் போகும். மெல்லாவிட்டால் தொழில் போகும். இதற்கு அந்தத் துண்டுப்பிரசுரத்துப் பெண் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். அப்பிள் சாப்பிடச் சொல்வாள்.

ஜவ்பர் நானாவின் நினைவு வந்தது ஒரு கசப்பான வேளையில்தான். கற்பிட்டிக் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். என் தொழில் எதிரி. நோன்பு மாதம் முழுவதும் அவர் பகலில் எதையும் வாயில் வைக்கமாட்டார், ஆனால் கொள்வனவை நிறுத்தவும் மாட்டார். அந்த மாதத்தில் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குகிறார் என்று வருடா வருடம் நையாண்டி செய்திருக்கிறேன். ஆனால் அவருடைய நோன்புச் சரக்கு ஒருபோதும் திரும்பி வந்ததாகக் கேள்விப்படவில்லை. எப்படி என்று ஒருமுறையாவது யோசித்தேனா? ஏளனம் செய்வதில் நேரம் போய்விட்டது.

போனேன். என் கால் என்னைவிட அதிகமாகத் தயங்கியது.

"வாங்க தங்கச்சி. நாக்குப் போயிட்டுது எண்டு கேள்விப்பட்டன்" என்றார். அவர் காதுக்கும் வந்திருந்தது.

"நாக்கு இருக்கு நானா. கிட்னிதான் போய்ட்டிருக்கு."

சிரிப்பு நின்றது. கதிரையை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நோம்பு காலத்தில நாக்கு இல்லாம எப்படிப் பாக்கிறீங்க?" என்று கடைசியில் கேட்டேன். இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

"இவ்வளவு வருசமா என்னக் குருடன் எண்டு சொல்லிக்கிட்டு இரிந்தீங்களே?"

"சொன்னேன்தான்."

"இப்ப?"

"இப்ப நான்தான் குருடி. போதுமா?"

அவருக்குப் போதும்போல இருந்தது. ஒரு கட்டாவை எடுத்தார். வளைத்தால் முறியவும் கூடாது, துணிபோல மடியவும் கூடாது. உப்புக் கூடியதன் தோலில் மாவு பூத்ததுபோல வெள்ளை படியும். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றிய உப்பு கையை நனைத்துவிடும். கடைசியில் முள்ளோரம் பிளந்து மூக்கை வைக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, "நாக்கு அவசரக்காரன் தங்கச்சி. கைக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும்" என்றார். அவர் பெருமையடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னது சரியாக இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

முதல் வாரத்தில் ஏமாந்தேன். வெளியே சலசலவென்று இருந்த நெத்தலி உள்ளே ஈரம். புழு வைத்துவிட்டது, அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தோம். அதன்பிறகு ஒவ்வொரு வாடியாகப் போய் நேரே சொன்னேன்: "எனக்குக் கிட்னி பழுது. இனி நான் மெல்லவும் மாட்டன், துப்பவும் மாட்டன்." பேதுரு நம்பாமல் ஒரு கட்டாவை நீட்டினான். பொத்தினேன். அவனுடைய மனைவியின் சுகம் விசாரித்தேன், வலையின் சுகம் விசாரித்தேன். கையை விரித்துக் காட்டினேன். ஈரம்.

"உப்புத் தொட்டியில ஒரு நாள் கூடுதலா வச்சிட்டாய், பேதுரு."

அவன் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தான். "அக்காக்கு நாக்கு கையில முளைச்சிட்டு" என்றான். அந்தச் செய்தியும் மாலைக்குள் கரை முழுக்கப் போனது.

இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கியது. மாத்திரைகளில் ஒன்றைக் குறைத்தார்கள். கிரியேட்டினின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, திரும்பாது. போன சிறுநீரகம் போனதுதான். ஆனால் ஏறுவது நின்றிருக்கிறது. டொக்டரிடம் மெசின் பழுது இல்லை என்று ஒத்துக்கொண்டேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார், அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். கிளினிக் வாங்கில் இப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அச்சாறுக்காரி ஒருநாள் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உடம்பு மாறிவிட்டது. செத்துப்போனது என்று நான் நினைத்த நாக்கு உயிரோடு எழுந்து நிற்கிறது. பேக்கரிப் பாண் உப்பாக இருக்கிறது. பிஸ்கட் உப்பாக இருக்கிறது. வெறும் சோற்றில் ஒரு இனிப்பு இருக்கிறது, அது இத்தனை வருடம் எங்கே இருந்தது? தென்மேல் காற்று வீசும் நாட்களில் உதட்டை நக்கினால் கடல் தெரிகிறது. நேரமும் மாறிவிட்டது. முன்பு ஒரு வாடிக்கு ஒரு வாய், ஒரு நிமிடம். இப்போது உள்ளங்கை நனைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் அந்த மனிதர்களின் வீட்டுக் கதையெல்லாம் எனக்குத் தெரிகிறது. மாலையில் செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் தேநீர் ஆறுவதற்குள் போய்விடுகிறது. நான் இப்போது கடிகாரம் பார்ப்பது அந்தத் தடத்தில்தான்.

வாரத்தில் ஒரு சின்னத் துண்டு, நன்றாக ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, அன்று வேறு எதிலும் உப்பில்லாமல் சாப்பிடலாம் என்று டொக்டர் அனுமதித்தார். அது எனக்குச் சொன்னது. உங்களுக்கு என்ன என்பதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், ஸ்டெல்லாவிடம் கேட்காதீர்கள்.

பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேதுருவின் கட்டாவில் இரண்டு விரல் அகலத் துண்டை ஊறவைத்து, வெங்காயத்தோடு வதக்கி, தட்டில் வைத்தேன். ஆடாத மேசையில் உட்கார்ந்து சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தேன். மெல்ல மென்றேன். விலை பேச யாரும் எதிரில் நிற்கவில்லை. முள்ளோரத்துச் சதை நார் நாராகப் பிரிந்தது, உப்புக்குப் பின்னால் மீன் இருந்தது. முப்பது வருடங்களாக நான் விழுங்கிய அத்தனை துண்டுகளிலும் இந்த ருசி இருந்திருக்கும். ஒன்றைக்கூட நான் சாப்பிட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று அந்தோனியிடம் சொல்லவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எழுதட்டா?"

"ஓம், எழுதுங்க" என்றேன். "சாப்பாடு எண்டு எழுதுங்க."